ஒன்பதாவது நிலை

லிங்கத்துரை செத்துக் கிடந்தபோது அவன் இடது மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை மினுக்குகிற சின்னப் பச்சை. ஆள் நலம், கவலை வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். உப்புக் குவியலில் சாய்ந்தாற்போலக் கிடந்தவனை முப்பதடி தூரத்திலிருந்து ஆறு பேர் பார்த்தார்கள். பச்சையையும் பார்த்தார்கள். "அண்ணாச்சி லேசா அசந்துட்டாவ" என்று சொல்லிவிட்டு உப்புப் பெட்டியைத் தலைக்கு ஏற்றினார்கள். பதினோரு நிமிஷம் கழித்து அவன் பெண்டாட்டி பூமயில் தண்ணீர்ச் செம்போடு போய்த் தோளைத் தொட்டாள். உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது. உயிர் மட்டும் இல்லை.

அந்தப் பச்சையை அங்கே வைத்தவள் ஜெபக்கனி.

அதே தூத்துக்குடி உப்பளத்தில், அதே எட்டுப் பேர் செட்டில் பெட்டி சுமக்கிற எஸ்தரின் மகள். படித்து, சென்னைக்குப் போய், கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். வெயிலில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்த ஒரு கோடைக்குப் பிறகு சட்டம் வந்தது. திறந்த வெளியில் வேலை செய்கிறவர் எல்லாரும் கையில் வெப்பக் காப்பு கட்டியே ஆகவேண்டும். பச்சை என்றால் வேலை பார்க்கலாம். மஞ்சள் என்றால் நிழலில் உட்காரவேண்டும். சிவப்பு என்றால் சங்கு ஊதும், மொத்தச் செட்டும் வேலையை நிறுத்தவேண்டும், அந்த ஆள் அன்றைக்கு அளத்தில் கால் வைக்கக்கூடாது. நாலு லட்சம் கைகளில் அந்தக் காப்பு இருந்தது. அதற்குள் ஓடுகிற மூளை ஜெபக்கனி வரைந்தது.

செய்தி வந்த மறுநாள் பேராசிரியர் ரகோத்தமன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அவளுடைய ஆய்வேடு கிடந்தது. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு.

"விசாரணைக்கு நம்ம பக்கத்துலேர்ந்து நீயே போ, கனி. அந்த ஊர்ப் பொண்ணு. நீ சொன்னா எடுபடும்."

"என்ன சார் சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லு. காப்பு மஞ்சளுக்கு வந்தா கையை உதறிப் பச்சையாக்கிக்கறாங்க. அளத்து மேற்பார்வையாளர் எழுதியே குடுத்திருக்கார். இவரும் உதறியிருக்கார், செத்துட்டார். காப்பை ஏமாத்தறது சட்டப்படி குத்தம். யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு விசாரிக்கறாங்க. நம்ம மெஷின் மேல தப்பில்லை."

அவள் ஆய்வேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, "ஒன்பதாவது நிலை இருந்திருந்தா சிவப்பு எரிஞ்சிருக்கும் சார்" என்றாள்.

ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவள் விடுதிக்குப் பணம் கட்ட முடியாமல் நின்றபோது, யாருக்கும் தெரியாமல் கட்டியவர்.

"அந்தச் சில்லுல மூணு பிட். மூணு பிட்டுல எட்டு நிலைதான். ஒன்பதாவதுக்குப் பெரிய சில்லு வேணும். பெரிய சில்லுன்னா பேட்டரி பாதிக் கோடையில செத்துடும், எந்த முதலாளியும் வாங்கமாட்டான். உனக்குத் தெரியாததா? ரெண்டு நிலையை ஒண்ணாக்கலாம்னு நிரூபிச்சவளே நீதானே. உன் மூணாவது அத்தியாயம் அது."

"தரவுல அவ்வளவுதான் இருந்துது சார்."

"நாப்பது நாள் தரவு. அந்த ரெண்டு நிலையையும் பிரிச்சுக் காட்டற ஒரே ஒரு சரம், ஒரே ஒரு அசைவு வரிசை வந்துதா அதுல?"

"வரலை."

"அப்புறம் என்ன? போன கோடையில இந்தக் காப்பு எத்தனை பேரை எழுப்பி உட்காரவெச்சிருக்கு, யோசி. இப்போ மெஷின் தப்புன்னு ஒரு வார்த்தை வந்தா, நாலு லட்சம் பேர் கையிலேர்ந்தும் கழட்டிடுவான். அவங்களைக் கொன்ன பாவம் யாருக்கு?"

தூத்துக்குடி ரயிலில் இரவு முழுக்க இதற்குப் பதில் தேடினாள்.

ஆனால் ஒன்பதாவது நிலை அவளுக்கு மறக்கவில்லை. உப்பளத்துச் சங்கதி அது. சோடியம் குளோரைடு என்று படித்தவர்களுக்குத் தெரியாது. உப்புத்தண்ணீரில் கை வைத்தவர்கள் கையைத் துணியில் துடைப்பதில்லை, உதறுவார்கள். வெடித்த தோலுக்குள் உப்பு இறங்கிக் காய்ந்தால் ரத்தம் வரும். அதற்கு முன்னால் தண்ணீரைத் தெறித்துவிடவேண்டும். மூன்று உதறல், மணிக்கட்டை முறுக்கி, சளீர் சளீர் சளீர் என்று. குழந்தையிலேயே படிந்துவிடுகிற பழக்கம். ஜெபக்கனி இன்றும் ஆய்வகத்தில் கை கழுவினால் உதறுவாள், பக்கத்தில் இருப்பவர்கள் மேல் தெறித்து வசவு வாங்குவாள்.

முதல் காப்பு இந்த ஈரத்தில் திணறியது. கை நனைந்ததும் சூட்டைத் தப்பாக அளந்து, நல்லா இருக்கிற ஆளுக்குச் சிவப்பு போட்டது. அவள்தான் வழி சொன்னாள். மூன்று உதறல் வந்தால் ஆள் கை கழுவுகிறான், சுயநினைவோடு இருக்கிறான். எழுந்து நடக்கும்வரை சூட்டைக் கேட்காதே, பச்சையிலேயே நில். "அளத்துல பொறந்தவளுக்குத்தான் இது தோணும்" என்று ரகோத்தமன் நாலு பேருக்கு முன்னால் பாராட்டினார்.

முதலில் அவள் அதைத் தனி நிலையாகத்தான் வைத்தாள். உதறிய பிறகு ஒரு நிமிஷம் அசைவே இல்லையென்றால் சிவப்பு. அது ஒன்பதாவது. எட்டாவது, உட்கார்ந்து இளைப்பாறுகிறவனின் நிலை. அவன் அரைமணி நேரம் அசையாமல் இருக்கலாம், சட்டமே கொடுத்த ஓய்வு. நாற்பது நாள் தரவில் உதறியவர்கள் எல்லாரும் எழுந்து நடந்தார்கள், இளைப்பாறியவர்கள் எல்லாரும் எழுந்து நடந்தார்கள். இரண்டும் ஒன்றேதான் என்று தாளில் நிரூபித்து, கோடு கிழித்து, ஒன்பதை எட்டாக்கினாள். அன்று சாயங்காலம் அவளுக்கு மட்டன் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்கள்.

எஸ்தர் அன்று வேலைக்குப் போகவில்லை. சாவு விழுந்த செட்டை மூன்று நாள் நிறுத்திவைத்திருந்தார்கள். மகள் பையை இறக்குவதற்குள் தட்டில் சோற்றைப் போட்டாள். அவள் விரல் ஒவ்வொன்றிலும் மெல்லிய வெடிப்பு, சேற்றுநிலம் காய்ந்த மாதிரி.

"மெலிஞ்சு போயிட்டியேட்டி. திங்கியா இல்லையா அங்க?"

"யம்மா, லிங்கண்ணனுக்கு என்ன ஆச்சு?"

எஸ்தர் குழம்பை ஊற்றினாள். "செத்துட்டாவ."

"அது தெரியும். நீ பக்கத்துலதானே நின்ன?"

"நின்னேன்." குழம்புச் சட்டியைக் கீழே வைத்தவள் அதன் மூடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். "மொதல்ல பாத்ததே நான்தான். என்ன இப்பிடிச் சாஞ்சு கெடக்காவன்னு ஒரு எட்டு வச்சேன். பச்சை எரிஞ்சுச்சு. எம்மவ வச்ச பச்சைல்லா, பொய் சொல்லாதுன்னு திரும்பிட்டேன்."

ஜெபக்கனிக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில் உட்கார்ந்துதான் அம்மாவுக்கு அவள் அதை விளக்கினாள். அன்றைக்கு எஸ்தருக்கு நல்ல குஷி.

"என்னமோ கண்டுபிடிக்கியாமே, பேரு என்னட்டி அதுக்கு?"

"முடிவுறு தானியங்கி."

"வாயில நுழையுத மாரியா இருக்கு? நம்ம பேச்சுல சொல்லு."

"நம்ம அளத்துல கடத்தண்ணி ஒரு பாத்தியிலேருந்து அடுத்த பாத்திக்குப் போவுதுல்லா? எந்த நேரமும் அது ஏதாவது ஒரு பாத்தியிலதான் நிக்கும். மடையத் தொறந்தா அடுத்தது. இந்த மெஷினும் அப்பிடித்தான். எட்டே எட்டுப் பாத்தி. கை அசையுது, உடம்பு சுடுது, அதெல்லாம் மடை. எந்தப் பாத்தியில வந்து நிக்கோ அதுக்கேத்த வெளக்கு எரியும்."

"அதுக்கு எந்த வழியா வந்தோம்னு தெரியுமா?"

"தெரியாது. இப்ப எங்க நிக்கோம்னு மட்டுந்தான். நேத்து ஞாவகம், போன நிமிசத்து ஞாவகம் ஒண்ணுங் கெடையாது. அதான் அவ்வளவு மலிவு."

எஸ்தர் தொடையைத் தட்டிச் சிரித்தாள். "நம்ம மேனேசரு மாரின்னு சொல்லு. நேத்து நான் எம்புட்டுச் சொமந்தேன்னு அவனுக்கும் ஞாவகமே இருக்காது."

இப்போது சிரிப்பு இல்லை. ஜெபக்கனி கை கழுவ எழுந்தாள். பின்கட்டில் கழுவிவிட்டு, வழக்கம்போல மூன்று தடவை உதறினாள். உதறிய கையை ஏதோ செய்யக்கூடாததைச் செய்தது மாதிரிப் பார்த்துக்கொண்டாள்.

"யம்மா, செட்டுல மொதல்ல உதற ஆரம்பிச்சது யாரு?"

"யாரோ."

"காப்ப ஏமாத்தச் சொல்லிக்குடுத்த ஆளுக்கு ரெண்டு வருசம் செயிலு. நாளைக்கு விசாரணையில கேப்பாவ. யாருன்னு சொல்லு."

"உனக்கு எதுக்குட்டி அது? நீ உன் காயிதத்த எழுதிக் குடுத்துட்டு வண்டியேறு."

"நீயா?"

எஸ்தர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதல் தடவையிலேயே சுத்தமாகிவிட்ட தட்டை மூன்று தரம் கழுவினாள். அம்மாதான் என்று ஜெபக்கனிக்கு நிச்சயமாகிவிட்டது. ரகோத்தமன் சொன்ன மாதிரி எழுதிக்கொடுத்தால், உள்ளே போகப்போவது அம்மா.

மறுநாள் காலை பத்துமணி வாக்கில் லிங்கத்துரை வீட்டுக்குப் போனாள். அளத்துக்காரர்கள் குடியிருப்பில் கடைசி வீடு. வாசலில் போட்ட பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, நாற்காலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூமயில் வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஜெபக்கனி தானே உட்கார்ந்தாள்.

"மதினி."

"வந்துட்டியா?" என்றாள் பூமயில். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. "உங்க விசாரணைக்காரவ நேத்து வந்தாவ. உம் புருசன் உதறுனதப் பாத்தியா, பாத்தியான்னு ஒரே கேள்விய ஒம்பது தடவ கேட்டாவ."

"பாத்தியளா?"

"எப்பிடிப் பாக்கது? அவியதான் உதறவே மாட்டாவளே."

ஜெபக்கனி நிமிர்ந்தாள்.

"அவிய கைமுட்டி தெரியும்லா உனக்கு? வரப்புல வழுக்கி விழுந்து, வைத்தியரு கட்டுனது கோணலாச் சேந்துட்டு. இடது கை. ஒரு வா சோறு அந்தக் கையால தின்ன முடியாது. சட்ட மாட்டணும்னா நான் பிடிச்சு நொழைக்கணும். வேல செய்யுத கைக்கு எடஞ்சலுன்னு காப்ப அதுலதான் கட்டிக்கிட்டாவ. அந்தக் கைய எங்க உதற?" பூமயில் தன் இடது கையை மடித்துக் காட்டினாள், அதற்குமேல் நீளாது என்பதுபோல. "மஞ்சள் எரிஞ்சா நாங்க எல்லாரும் உதறிக்கிட்டுப் போவோம். அவிய மட்டும் நிழலப் பாத்து உக்காந்துருவாவ. கவர்மெண்டு மாப்பிள்ளன்னு செட்டே கேலி பேசும். சிரிச்சிக்கிடுவாவ."

"அன்னைக்கு உக்காரலையா?"

பூமயில் பந்தல் கீற்றைப் பார்த்தாள்.

"மழ கறுத்துட்டு வந்துச்சு. வாரி வச்ச உப்பு அம்புட்டும் வெளிய கெடக்கு, நனைஞ்சா கரைஞ்சு போவும். மஞ்சள் எரியுது, உக்காரட்டான்னு கேட்டாவ. நான்தான்... இன்னும் பத்துப் பெட்டிதான், உக்காராதிய, ஊரே சிரிக்கின்னு வஞ்சேன். சரிட்டின்னு தூக்குனாவ. பத்து நாப்பதுக்குக் கடைசிப் பெட்டி. பெட்டி எண்ணுத மெசினுல மணி இருக்கு. அதுக்கப்புறம் குவியலுக்கு அந்தப் பக்கம் போனாவ, நான் பாக்கல. பதினோரு நிமிசங் கழிச்சுத்தான் தண்ணியோட போனேன்."

மழை கடைசியில் பெய்யவுமில்லை. அதை அவள் சொல்லவில்லை. ஜெபக்கனி செய்தியில் பார்த்திருந்தாள்.

"மூஞ்சியப் பாத்தியளா மதினி, தொட்டப்ப?"

"நுரை. வாயோரமா நுரை. நாக்கக் கடிச்சி, பாதி தொங்குது. பெரியாஸ்பத்திரியில தைச்சுத்தான் குடுத்தாவ, ஆளுவ பாக்கணும்லா."

வெயில் மூளைக்கு ஏறினால் வலிப்பு வரும். வலிப்பில் கை வெட்டும். கோணலாகச் சேர்ந்த முட்டியும் வெட்டும், உடையவன் நினைத்தால் அசையாத கை அவன் நினைவு போன பிறகு அசையும். சளீர், சளீர், சளீர். காப்பு அதை வாங்கிக்கொண்டது. மூன்று உதறல். ஆள் கை கழுவுகிறான், சுயநினைவோடு இருக்கிறான். சூட்டைக் கேட்காதே. பிறகு அசைவில்லை. இளைப்பாறுகிறான். பச்சை.

நாற்பது நாள் தரவில் வராத சரம் இது. வந்திருக்க முடியாது. அந்த நாற்பது நாளில் யாரும் சாகவில்லை.

"மதினி, இது அண்ணன் செஞ்ச தப்பு இல்ல. யாரு உதறச் சொல்லிக்குடுத்தாவன்னு தேடுதாவளே, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. வலிப்பு வந்தது, என் மெஷின் அத..." பாதியில் விட்டுவிட்டுக் கேட்டாள். "எங்கம்மாதான சொல்லிக்குடுத்தது? நேத்திலேருந்து வாயே தொறக்க மாட்டேங்கா. நீங்களாவது சொல்லுங்க."

பூமயில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை, வியப்புத்தான் அந்தப் பார்வையில்.

"ஒனக்கு நெசமாவே ஞாவகம் இல்லையா?"

"என்னது?"

"நீதானட்டி சொல்லிக்குடுத்த."

தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"மொதல் காப்பு வந்த பத்தாம் நாளு. உங்கம்மா காப்புல செவப்பு எரிஞ்சு சங்கு ஊதிட்டு. ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. செட்டே நிக்குது, மேற்பார்வை கத்துதான், உங்கம்மா கூசிப்போயி நிக்கா. கணக்கெடுக்க வந்திருந்த நீ கம்ப்யூட்டர அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்த. அவ கையப் பிடிச்சு மூணு ஒதறு ஒதறுன. 'இப்பிடி உதறும்மா, சரியாப் போயிரும்'ன. ஈரம் தெறிச்சதும் பச்சை வந்துட்டு. நாங்க எல்லாரும் கை தட்டுனோம். டாக்டரம்மா ஒரு நிமிசத்துல வைத்தியம் பாத்துட்டான்னு சிரிச்சோம். நீயும் சிரிச்ச."

இருந்தது. அடியில் எங்கோ கிடந்தது. அம்மாவின் ஈரமான மணிக்கட்டு, கத்துகிற மேற்பார்வையாளன், தன் கைக்குள் அம்மா கை துள்ளியது. அது ஒரு வேடிக்கையாக, நல்லது செய்த ஒரு சின்ன ஞாபகமாகக் கிடந்தது. பிறகு ஆய்வகம், தாள், பாராட்டு, பிரியாணி. எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. எந்த வழியாக வந்தோம் என்பது போய்விட்டது.

"முந்தாநாளே பேசி முடிச்சாச்சு," என்றாள் பூமயில். "உம் பேரு யார் வாயிலேருந்தும் வராது. இந்த அளத்துலேருந்து அம்புட்டுப் படிச்ச பிள்ள நீ ஒருத்திதான். உங்கம்மா காலையில போயி, தான்தான்னு எழுதிக் குடுத்துட்டா. இந்நேரம் கைநாட்டு வச்சிருப்பா."

"காலையிலயா? மார்க்கெட்டுக்குன்னு சொன்னா."

"பின்ன, உங்கிட்ட சொல்லிட்டா போவா?"

"மதினி, அண்ணன் செத்திருக்காவ. நீங்க ஏன் எனக்காவ..."

"உனக்காவ இல்ல." பூமயில் முந்தானையை இழுத்துச் செருகினாள். "உம்மேல எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காத. வயிறு பத்தி எரியுது. உன்னப் பாக்கவே பிடிக்கல. ஆனா உன்னப் பிடிச்சுக் குடுத்தா அவிய எந்திரிச்சு வந்துருவாவளா? போ. வீட்டுக்குப் போ."

விசாரணை நடந்தது ஊருக்கு வெளியே ஒரு பழைய இரண்டுமாடிக் கட்டடத்தில். ஜெபக்கனி ஆட்டோவில் போய் இறங்கியபோது எஸ்தர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், கோயிலுக்குக் கட்டுகிறது. பெருவிரலில் ஊதா மை.

"இங்க எதுக்குட்டி வந்த?"

"நீ எதுக்கு வந்த?"

"என்னத்தப் பெரிய செயிலு? அங்கயும் நிழல்ல உக்கார வச்சுச் சோறு போடுவான். நான் அளத்துலயே கெடந்தவ. நீ போயி உன் பரிச்சைய எழுது." எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "கெடுத்துராத கனி. எல்லாத்தையும் போட்டு ஒடச்சிராத."

ஜெபக்கனி உள்ளே போனாள்.

விசாரணை அதிகாரி நாற்பத்தைந்து வயதுப் பெண். மேசைவிசிறிக் காற்றில் தாள்கள் பறக்காதிருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல். ஜெபக்கனி தன் பேரைச் சொன்னதும் அதிகாரி நாற்காலியைக் காட்டினாள்.

"உங்க ஆய்வகத்து அறிக்கையைக் குடுக்க வந்திருக்கீங்களா? குடுங்க. வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது. காப்பை ஏமாத்தச் சொல்லிக்குடுத்ததா ஒரு அம்மா ஒத்துக்கிட்டாங்க."

"அது எங்கம்மா மேடம். அவங்க சொன்னது பொய். சொல்லிக்குடுத்தது நான்."

அதிகாரி பேனாவை மூடினாள்.

ஜெபக்கனி சொன்னாள். அம்மா கையைப் பிடித்து உதறியதை, ஒன்பதை எட்டாக்கியதை, இடது கைமுட்டியை, கடிபட்ட நாக்கை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் நாக்கைப் பற்றி எழுதியிருக்கும் என்றாள். அதிகாரி புரட்டிப் பார்த்தாள், எழுதியிருந்தது.

"வலிப்புலதான் பச்சை வந்துதுன்னு காப்புல ஏதாவது பதிவு இருக்கா?"

"இருக்காது. அதுக்கு ஞாபகம் கிடையாது. நான் அப்படித்தான் செஞ்சேன்."

"பதிவு இல்லாம நான் எப்படி எழுத? கருவி சரியா வேலை செஞ்சிருக்குன்னு உங்க பேராசிரியரே மெயில் அனுப்பியிருக்கார்."

"சரியாத்தான் செஞ்சுது மேடம். நான் சொன்னதத்தான் செஞ்சுது."

அதிகாரி படிவத்தை அவள் பக்கம் திருப்பினாள். அச்சடித்த கட்டங்கள். இறந்தவர் பெயர், கருவியின் எண், கருவியின் கடைசி நிலை: பச்சை. ஏமாற்றும் முறையைக் கற்பித்தவர் என்ற வரிக்கு எதிரே எஸ்தரின் பெயரும் ஊதா ரேகையும்.

"பாருங்கம்மா. ஒரு பேருக்குத்தான் இதுல இடம். அது நிரம்பிடுச்சு. நீங்க சொல்ற மாதிரி காரணம் எழுதறதுக்குக் கட்டமே கிடையாது. உங்க படிப்பு இருக்கு, வாழ்க்கை இருக்கு. அந்த அம்மாவே மனசாரக் குடுத்துட்டுப் போறாங்க. யோசிங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாய். எஸ்தர் அங்கே குனிந்து பெருவிரல் மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மை போகவில்லை. நிமிர்ந்து கையை மூன்று தரம் உதறினாள். அவள் மணிக்கட்டில் பச்சை மினுக்கியது.

"பின்பக்கம் வெறுமையா இருக்கா மேடம்?"

"எது?"

"இந்தப் படிவத்துக்குப் பின்பக்கம்."

ஜெபக்கனி படிவத்தைத் திருப்பிப்போட்டாள். உச்சியில் தன் பெயரையும் தன் தாய் பெயரையும் எழுதி, மகள் கூறுவது என்று எழுதினாள். இதற்குப் பதிவு இல்லாததால் பதிவை நானே எழுதித் தருகிறேன், காப்பு ஐந்து விநாடிக்கு ஒருமுறை பார்க்கும், காலை பத்து நாற்பதிலிருந்து அது பார்த்தது இது, என்று எழுதினாள். அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கினாள்.

உதறல்.

உதறல்.

உதறல்.

அசைவில்லை.

அசைவில்லை.

அசைவில்லை.

மேற்படிக் குறி போடாமல், சுருக்காமல், ஒவ்வொன்றையும் முழுச் சொல்லாக எழுதினாள். ஒவ்வொன்றிலும் அவன் கொஞ்சம் உயிரோடு இருந்தான். எந்த வரி வரைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எந்த வரியில் சங்கு ஊதியிருக்கும் என்று தெரியும். பதினைந்தாவது வரியில் பேனா நின்றது. அந்த வரிக்கு நேராக ஓரத்தில் 'சிவப்பு' என்று எழுதி, மூன்று வருஷத்துக்கு முன்னால் கிழித்த அதே கோட்டால் அடித்தாள். பிறகு பதினாறாவதை எழுதினாள்.

அதிகாரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் எழுதுவீங்க?"

"பதினோரு நிமிஷம் மேடம்."

வாசலில் எஸ்தர் வந்து நின்றிருந்தாள். ஈரக்கையைத் துடைக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. மகள் என்ன எழுதுகிறாள் என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாவது வரியோடு பக்கம் தீர்ந்தது. இன்னும் தொண்ணூற்றிரண்டு இருந்தது.

ஜெபக்கனி தலை தூக்காமல் கையை நீட்டினாள்.

"இன்னொரு தாள் குடுங்க."

அதிகாரி கொஞ்சநேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு கல்லைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தாள்.